சாய்த்து வைத்தால் ஜூனில் வெயில் குறைகிறது என்கிறது என் எக்செல். நம்பலாமா?

மொட்டைமாடி (திருச்சி) கேட்டது:

வணக்கம். மாடியில் 3 கிலோவாட் சோலார் போடலாம் என்று இருக்கிறேன். விலை கேட்கப் போன இடத்தில், "தெற்கே பார்த்து 25 டிகிரி சாய்ச்சுப் போட்டுடலாம் சார், படுக்கையா வெச்சா வெயில் ஏறாது" என்றார்கள். எவ்வளவு ஏறும், எவ்வளவு ஏறாது என்று கேட்டால் பதில் இல்லை. சரி, நாமே கணக்குப் போட்டுப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

பக்கத்தில் இருக்கும் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் மாதச் சராசரிகள் கிடைத்தன. அதிகபட்ச வெப்பம், குறைந்தபட்ச வெப்பம், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வெயில் அடித்தது என்ற கணக்கு, இவ்வளவுதான். கதிர்வீச்சை நேரடியாக அளக்கும் பைரனோமீட்டர் அங்கே இல்லை.

செய்தது இதுதான். திருச்சியின் அட்சரேகை 10.8 டிகிரி. காற்று மண்டலமே இல்லாவிட்டால் படுக்கைத் தளத்தில் எவ்வளவு விழும் என்று முதலில் கண்டுபிடித்தேன். சூரிய மாறிலி, அதாவது காற்று மண்டலத்துக்கு மேலே சூரியனுக்கு நேராக ஒரு சதுர மீட்டரில் விழுவது, 1361 வாட். ஜூன் 21-க்கு சதுர மீட்டருக்கு நாளுக்கு 10.27 யூனிட், டிசம்பர் 21-க்கு 8.45 யூனிட் வந்தது. அதை, வெயில் நேரத்தை வைத்துக் கதிர்வீச்சைக் கணிக்கும் ஆங்ஸ்ட்ரம்–பிரெஸ்காட் வாய்பாட்டில் போட்டேன்: 0.25 கூட்டல் 0.50 பெருக்கல் வெயில் நேர விகிதம். ஜூனில் 12.6 மணிப் பகலில் 6 மணி வெயில், டிசம்பரில் 11.4 மணிப் பகலில் 6.5 மணி வெயில் என்று வைத்தேன். படுக்கைத் தளத்துக்கு ஜூனில் 5.01, டிசம்பரில் 4.53 யூனிட்.

அப்புறம் எர்ப்ஸ் வாய்பாட்டை வைத்து நேரடி வெயில், சிதறிய ஒளி என்று இரண்டாகப் பிரித்து, தெற்கே 11 டிகிரி சாய்ந்த தளத்துக்கு மாற்றினேன். டிசம்பர் 4.97 ஆக ஏறியது. ஜூன் 4.72 ஆக இறங்கியது! சாய்த்தால் கூடத்தானே வேண்டும்? எங்கே பிசகியது என்று தெரியவில்லை.

இன்னும் இரண்டு சந்தேகம். வெயில் நேரத்தை விட்டுவிட்டு வெப்பநிலையை மட்டும் வைத்துக் கணக்கிடும் ஹார்கிரீவ்ஸ் முறையில் ஜூனுக்கு 5.20 வருகிறது, பரவாயில்லை. டிசம்பருக்கு 3.82 தான் வருகிறது. எது சரி? அதோடு, செயற்கைக்கோள் தரவு தரும் நாசா பவர் தளத்திலிருந்து மணிவாரிக் கதிர்வீச்சு எண்களை இறக்கி அதையும் சாய்தளத்துக்கு மாற்றினேன். காலை முதல் மணியில் சில நாட்கள் 2000 வாட்டுக்கு மேல் காட்டுகிறது. சூரியனே அவ்வளவு தருவதில்லையே!

---

கரூர்க்காரன்:

உங்கள் ஜூன் கணக்கு சரி என்றுதான் எனக்குப் படுகிறது. நான் இந்தத் தொழிலில் இருக்கிறேன். 25 டிகிரி என்பது டெல்லி, ராஜஸ்தான் பக்கத்துக்காக அடித்த ஸ்டாண்டு. டெல்லியின் அட்சரேகை 28-க்கு மேல். அதே அளவை இங்கேயும் இறக்கிவிடுகிறார்கள். கணக்கை விளக்க இங்கே ஒரு பெரியவர் இருக்கிறார், வருவார் பாருங்கள்.

---

கண்ணாடிக்குண்டு:

வந்துவிட்டேன்.

தம்பி, எக்செல்லை மூடிவிட்டு ஜூன் 21 அன்று மாடிக்குப் போங்கள். ஒரு மீட்டர் குச்சியை நேராக நிறுத்தி வையுங்கள். திருச்சியில் அன்றைக்கு உச்சி வேளை 12 மணி அல்ல, ஏறக்குறைய 12:17. அப்போது குச்சியின் நிழல் 22 சென்டிமீட்டர் நீளத்துக்குத் தெற்கே விழும். நிழல் தெற்கே என்றால் சூரியன் வடக்கே. பேனலைத் தெற்கே பார்த்துச் சாய்த்தால் அது சூரியனுக்கு முதுகு காட்டத்தான் செய்யும்.

ஏப்ரல் 18, 19 வாக்கில் சூரியன் திருச்சியின் தலைக்கு நேர் மேலே வருகிறது. அதன் பிறகு உச்சி வேளையில் வடக்கேதான் இருக்கும். ஆகஸ்ட் 23, 24 வாக்கில் மறுபடி தலைக்கு மேல் வந்து தெற்கே இறங்கும். நான்கு மாதத்துக்கு மேல் இந்த நிலை. கத்திரியும் இதற்குள்தான் வருகிறது. தெற்குச் சாய்வு லாபம் என்கிற பேச்சு, சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கிலேயே நிற்கிற ஊர்களில் பிறந்தது. டெல்லியில் ஜூன் உச்சியில்கூட சூரியன் கொஞ்சம் தெற்கேதான்.

இன்னொன்றும் நடக்கிறது. ஜூனில் சூரியன் கிழக்குக்கு வடக்கே தள்ளி உதிக்கும். 11 டிகிரி சாய்ந்த உங்கள் தளத்துக்கு, உதயமாகி ஏறக்குறைய 19 நிமிடம் வரை சூரியன் பின்பக்கம்தான் இருக்கும். மாலையிலும் அதே கதை. எக்செல்லில் அஸ்தமனக் கோணத்துக்கு (தளத்திலிருந்து சூரியன் மறையும் நேரத்தைக் கோணமாகச் சொல்வது), படுக்கைக்கு ஒன்று, சாய்தளத்துக்கு ஒன்று என்று கண்டுபிடித்து இரண்டில் சிறியதை எடுத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் 4.72 வந்திருக்காது.

உங்கள் எண்களையே வைத்து நானும் போட்டுப் பார்த்தேன். ஜூனில் நேரடி வெயில் 2.80, சிதறியது 2.21. சாய்த்ததும் நேரடி வெயில் ஏறக்குறைய 0.9 மடங்காகிறது, அதாவது 10 சதவீத இழப்பு. சிதறிய ஒளி வானம் முழுவதிலிருந்தும் வருவதால் 11 டிகிரிக்கெல்லாம் அசையாது, 1 சதவீதம்தான் குறையும். தரையிலிருந்து திரும்பி வருவது இந்தச் சாய்வுக்குச் சில்லறை. டிசம்பரில் நேரடி வெயில் 1.16 மடங்காகிறது. அங்கே ஏறுவது, இங்கே இறங்குவது எல்லாம் போக ஆண்டுக் கூட்டலில் மிஞ்சுவது ஓரிரு சதவீதம்.

அந்த 25 டிகிரியையும் போட்டேன். ஜூன் 4.19, டிசம்பர் 5.34. படுக்கையோடு ஒப்பிட்டால் ஜூனில் 16 சதவீதம் போகிறது, டிசம்பரில் 18 சதவீதம் வருகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை இழந்துகொண்டே போவதால் ஆண்டுக் கணக்கில் 25 டிகிரி படுக்கையின் அளவிலேயே வந்து நிற்கும், சொல்லப்போனால் ஒரு துளி கீழே. "வெயில் ஏறாது" என்றவரிடம் இதைக் காட்டுங்கள்.

ஒரு சின்னத் திருத்தம். மாதச் சராசரிக்கு 21-ஆம் தேதியை எடுக்காதீர்கள். அது சூரியன் கோடிக்குப் போய் நிற்கும் நாள். மாதத்தின் சராசரிக்கு மிக நெருங்கி வரும் நாள் என்று சூரிய ஆற்றல் ஆய்வாளர் கிளைன் 1977-இல் ஒரு பட்டியல் கொடுத்தார். அதில் ஜூனுக்கு 11, டிசம்பருக்கு 10. உங்கள் எண்கள் பெரிதாக மாறாது, ஆனால் பிப்ரவரி, அக்டோபர் மாதிரி சூரியன் வேகமாக நகரும் மாதங்களில் நாளைத் தப்பாக எடுத்தால் தெரியும்.

இப்போது நீங்கள் கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். சாய்வில் வருகிற ஓரிரு சதவீதத்துக்கு மண்டையை உடைக்கிறீர்கள். அந்த "6 மணி வெயில்" எங்கிருந்து வந்தது என்று பார்த்தீர்களா?

நான் வேளாண் வானிலை நிலையத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். என் பெயருக்குக் காரணமான கண்ணாடிக் குண்டுதான் அந்த 6 மணியைச் சொல்கிறது. கேம்பெல்–ஸ்டோக்ஸ் கருவி என்பார்கள். ஒரு முழுக் கண்ணாடி உருண்டை, அதற்குப் பின்னால் வளைந்த உலோகக் கிண்ணம், கிண்ணத்தின் காடியில் செருகிய அட்டை. உருண்டை வெயிலைக் குவித்து அட்டையைச் சுடும். சூரியன் நகர நகர சூடு கோடாக இழுபடும். வெயில் காலத்துக்கு நீள வளைவு அட்டை, குளிர் காலத்துக்குக் குட்டை வளைவு, நடுவில் நேர் அட்டை. ஒவ்வொன்றுக்கும் தனிக் காடி. அஸ்தமனத்துக்குப் பிறகு அட்டையை உருவி, மணிக் கோடுகளை வைத்துக் கரிந்த நீளத்தை அளக்க வேண்டும்.

தெளிவான நாளில் வேலை சுலபம், ஒரே பழுப்புக் கோடு. ஆடி மாதத்தில் மேகம் ஓடிக்கொண்டே இருக்கும்போது பாருங்கள், கோடே இருக்காது, பொட்டுப் பொட்டாகத்தான் இருக்கும். ஒரு பொட்டு விழ அரை நிமிட வெயில் போதும். ஆனால் சூடு சுற்றிலும் பரவிப் பொட்டு பெரிதாகிவிடும். அப்படியே நீளத்தைக் கூட்டினால் வெயில் அதிகமாகிவிடும். அதனால்தான் தனிப் பொட்டுகள் இரண்டு மூன்றுக்கு 0.1 மணி என்று விதி. அதை அளக்கிற கைக்குக் கை எண் மாறும். காலையில் உருண்டையில் பனி ஈரம் இருந்தால் அட்டை கரியாது. உதயமான கையோடும் கரியாது, நேரடிக் கதிர் 120 வாட் அளவுக்கு ஏற வேண்டும். அதனால் துளி மேகம் இல்லாத நாளிலும் விகிதம் 1 வராது.

முக்கியமானது இது: அட்டை கரிந்ததா இல்லையா என்றுதான் குண்டு சொல்லும், வெயில் எவ்வளவு உறைத்தது என்று சொல்லாது. பங்குனியில் புழுதி மூடிய வானத்திலும் அட்டை கரியும், தை மாதத் தெளிந்த வானத்திலும் கரியும். இரண்டும் ஒரே மணி. கதிர்வீச்சு ஒன்றல்ல. அந்த வித்தியாசத்தைத் தாங்க வேண்டியது உங்கள் 0.25-உம் 0.50-உம்தான்.

அந்த இரண்டு எண்ணுக்கும் பொருள் எளிது. நாள் முழுக்க மூட்டமாக இருந்தாலும் மேலிருந்து வருவதில் 25 சதவீதம் தரைக்கு வந்துவிடும். முழு வெயில் என்றால் 75. ஆங்ஸ்ட்ரம் 1924-இல் இந்த யோசனையைச் சொன்னபோது தெளிவான நாளோடு ஒப்பிட்டார். 1940-இல் ஆஸ்திரேலியாவில் பிரெஸ்காட் அதைக் காற்று மண்டலத்துக்கு மேலே விழும் அளவோடு ஒப்பிடும்படி மாற்றினார். நீங்கள் பயன்படுத்திய 0.25, 0.50 இரண்டும் உள்ளூர் அளவீடு இல்லாதபோது வைத்துக்கொள்ளச் சொல்லி ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு கொடுத்தவை. எந்த ஊருக்கும் தைத்த சட்டை அல்ல. பக்கத்து ஊரில் பைரனோமீட்டரும் கண்ணாடிக் குண்டும் சேர்ந்து இருக்குமானால் அந்தத் தரவை வைத்து நீங்களே இரண்டு எண்ணையும் கண்டுபிடிக்கலாம்.

பைரனோமீட்டர் ஏன் எல்லா இடத்திலும் இல்லை என்றால், விலை ஒரு பக்கம், ஒழுங்காகத் தரப்படுத்திக்கொண்டே இருக்க வேண்டிய வேலை இன்னொரு பக்கம். நம் நாட்டில் இந்த அளவீட்டுக்கு அடித்தளம் போட்டவர் அன்னா மாணி. பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்தவர். 1957-58 சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டையொட்டி இந்தியாவில் கதிர்வீச்சு அளக்கும் நிலையங்களை வரிசையாக நிறுவினார். பேனல் விற்கிறவர்கள் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும் என்று எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு, அது கிடக்கட்டும்.

ஹார்கிரீவ்ஸ் கேள்விக்கு: அந்த முறை பகல் வெப்பத்துக்கும் இரவு வெப்பத்துக்கும் உள்ள இடைவெளியை நம்பி நிற்கிறது. வானம் தெளிந்திருந்தால் பகலில் கொதிக்கும், இரவில் சட்டென்று ஆறும், இடைவெளி அகலும். அதன் வர்க்க மூலத்தை உள்நாட்டு ஊருக்கு 0.16-ஆலும், கடலோர ஊருக்கு 0.19-ஆலும் பெருக்கச் சொல்கிறார்கள். நீங்கள் இரண்டு மாதத்துக்கும் 0.16 போட்டிருப்பீர்கள். டிசம்பரில் அதிகபட்சம் 29, குறைந்தபட்சம் 21 தானே? 0.19 போட்டுப் பாருங்கள், 4.54 வரும். வெயில் நேர முறையில் வந்தது 4.53.

திருச்சி எங்கே, கடல் எங்கே என்று கேட்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் பெய்த மழையில் மண் ஈரம், வடகிழக்கிலிருந்து வங்கக் கடல் காற்று. இரவில் ஈரக் காற்று சூட்டை வெளியே விடாது, இடைவெளி சுருங்கிவிடும். வெயில் குறைந்ததால் சுருங்கியதல்ல அது. ஆக டிசம்பரில் திருச்சியும் கடலோர ஊர்தான். ஜூனில் உங்கள் 6 மணி நேர வெயிலுக்கு ஒத்துப்போக 0.154 வேண்டும். மாதத்துக்கு ஒரு எண் வைத்துக்கொண்டால் இந்த முறை பிழைக்கும். ஒற்றை நாளுக்கு மட்டும் இதை நம்பாதீர்கள். மாலையில் ஒரு மழை அடித்தால் குறைந்தபட்ச வெப்பம் விழுந்துவிடும், "ஆகா நல்ல வெயில்" என்று கணக்கு சொல்லும்.

காலை 2000 வாட் விவகாரம் கணினிக்காரர்கள் வேலை. யாராவது சொல்லுங்கள்.

---

பைத்தான்பிள்ளை:

அதை நான் எடுத்துக்கொள்கிறேன். மணிவாரிக் கணக்கில் நேரடிக் கதிரைக் கண்டுபிடிக்க, மொத்தத்திலிருந்து சிதறியதைக் கழித்து, சூரியன் உச்சியிலிருந்து எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ அந்தக் கோணத்தின் காஸால் (கொசைன்) வகுக்கிறீர்கள். சூரியன் தொடுவானத்துக்கு ஒரு டிகிரி மேலே இருக்கும்போது அந்த காஸ் ஏறக்குறைய 0.02. தரவில் வெறும் 20 வாட் பிசகு இருந்தால் வகுத்ததும் 1000 வாட் ஆகிவிடும். உங்கள் 2000 இப்படி வந்ததுதான்.

வழக்கமாகச் செய்வது, கோணம் 85 டிகிரியைத் தாண்டினால் காஸ் 0.087-க்குக் கீழே போகாமல் தடுப்பது, அல்லது அந்த மணியில் நேரடிக் கதிரைப் பூச்சியம் என்று வைப்பது. நாள் மொத்தத்தில் அது ஒன்றுமே இல்லை.

ஆனால் எனக்கு உங்கள் கடிகாரத்தின் மேல்தான் அதிகச் சந்தேகம். நாசா பவரில் மணிவாரித் தரவை இறக்கும்போது உலக நேரமா, உள்ளூர்ச் சூரிய நேரமா என்று கேட்கும். உலக நேரம் 0 மணி என்பது நமக்குக் காலை 5:30. அந்த மணி 6:30 வரை ஓடும், அதன் நடு 6:00. கோணத்தை 5:30-க்கோ 6:30-க்கோ கணக்கிட்டால் அரை மணி தப்பு. மற்ற பல நாடுகளுக்கு முழு மணி வித்தியாசம் என்பதால் அங்கிருந்து இறக்கிய நிரல்களில் நம் அரை மணி விட்டுப்போகும். அப்புறம் இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கானது. திருச்சி 78.7. டிகிரிக்கு 4 நிமிடம் வீதம் 15 நிமிடம் பின்தங்கும். அதன் மேல், கடிகாரத்துக்கும் சூரியனுக்கும் இடையே ஆண்டுக்குள் ஏறி இறங்கும் வித்தியாசமான நேரச் சமன்பாடு வேறு: பிப்ரவரி நடுவில் உச்சி வேளை 12:29, நவம்பர் தொடக்கத்தில் 11:59. இரண்டையும் சேர்த்திருக்கிறீர்களா பாருங்கள்.

சரியாகிவிட்டதா என்று அறிய ஒரு வழி. மேகமே இல்லாத ஒரு நாளை எடுத்து, படுக்கைத் தளத்தின் மணிவாரி எண்களை வரைந்து பாருங்கள். உங்கள் கோணத்தின் காஸையும் அதே படத்தில் வரையுங்கள். இரண்டு மேடும் ஒரே இடத்தில் உச்சி தொட வேண்டும். ஒன்று இடமாகவோ வலமாகவோ நகர்ந்திருந்தால் கடிகாரம்தான் காரணம்.

சிதறிய ஒளிக்கு வானம் எங்கும் ஒரே வெளிச்சம் என்று எடுத்திருக்கிறீர்கள். உண்மையில் சூரியனைச் சுற்றி வெளிச்சம் கூடுதல். ஹே–டேவிஸ், பெரெஸ் போன்றோர் அதற்கு வழி சொல்லியிருக்கிறார்கள். செங்குத்துச் சுவருக்கு என்றால் கட்டாயம் வேண்டும். 11 டிகிரிக்கு வேண்டாம், நேரம் வீண்.

---

மொட்டைமாடி:

ஐயா, பிள்ளை, இருவருக்கும் நன்றி. நேரத்தை அரை மணி தள்ளி, 85 டிகிரிக்குத் தடுப்பும் போட்டேன். காலை எண்கள் ஒழுங்காகிவிட்டன. 0.19-உம் போட்டேன், 4.54 தான் வருகிறது. ஒரே ஒரு கேள்வி: செயற்கைக்கோள் தரவு இருக்கும்போது கண்ணாடிக் குண்டு, வெப்பநிலை இதெல்லாம் எதற்கு? நேராக அதையே எடுத்துக்கொள்ளலாமா?

---

கண்ணாடிக்குண்டு:

உங்கள் மூன்று கிலோவாட்டுக்குத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் நாசா பவரின் கதிர்வீச்சுக் கட்டம் ஒன்று 1 டிகிரி, அதாவது பக்கத்துக்கு 110 கிலோமீட்டர் சுமார். மேகம் கொல்லிமலை மேல் நிற்கிறதா உங்கள் மாடி மேல் நிற்கிறதா என்று அதற்குத் தெரியாது. நீண்ட காலச் சராசரிக்குச் சரி. இந்த மாதம் யூனிட் ஏன் குறைந்தது என்று சண்டை போடப் போகும்போது பக்கத்து நிலையத்தின் வெயில் மணிதான் கைகொடுக்கும்.

துல்லியமான அளவீடு வேண்டும் என்றால் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் காற்று ஆற்றல் நிறுவனம் நாடு முழுக்க நிலையங்கள் வைத்திருக்கிறது. அங்கே சூரியனைத் துரத்திக்கொண்டே நேரடிக் கதிரைத் தனியாகவும், நிழல் போட்டுச் சிதறியதைத் தனியாகவும் அளக்கிறார்கள். எர்ப்ஸ் வாய்பாடு எல்லாம் வேண்டாம், பிரித்தே கிடைக்கும். கமுதி மாதிரி 648 மெகாவாட் கட்டுகிறவர்களுக்கு அந்தத் தரம் வேண்டும். உங்களுக்கு வேண்டியதில்லை.

---

கரூர்க்காரன்:

கணக்கு முடிந்ததல்லவா, இனி வேலைக்கு வருவோம். 10 டிகிரிக்கு ஸ்டாண்டு விலை கேளுங்கள். முழுப் படுக்கையாகப் போடாதீர்கள். வெயிலுக்காகச் சொல்லவில்லை, மழைத் தண்ணீர் வழிந்து ஓட வேண்டும். இல்லாவிட்டால் கீழ்ச் சட்டத்தின் ஓரமாகப் புழுதி சேறாகப் படிந்து கடைசி வரிசைச் செல்களை மூடும். 25 டிகிரிக்குத் தூக்கினால் ஆடிக் காற்றுக்கு இரும்பும் கூடும், கான்கிரீட் கட்டையும் கூடும், பின் வரிசைக்கு நிழல் விழாமல் இடைவெளியும் கூட விட வேண்டும்.

எக்செல்லில் இல்லாத ஒன்று உங்கள் தண்ணீர்த் தொட்டி. அது தெற்கே இருந்தால் டிசம்பர் உச்சி வேளையில் மீட்டருக்கு 68 சென்டிமீட்டர் வீதம் வடக்கே நிழல் போடும். 3 மீட்டர் உயரத் தொட்டி என்றால் 2 மீட்டருக்கு மேல். காலை மாலையில் இன்னும் நீளும். சாய்வால் டிசம்பரில் கிடைக்கிற 10 சதவீதத்தை அது ஒரே நிழலில் தின்றுவிடும். மாடியின் அளவும் தொட்டி இருக்கும் மூலையும் போடுங்கள், எங்கே வைக்கலாம் என்று பார்க்கலாம்.